டிஜிட்டல் ரேஞ்ச்பைண்டர் கேமரா: இனி என்ன?

எப்ஸன் என்றவுடன் நம் நினைவிற்கு வருவது பிரிண்டர்தான். கம்ப்யூட்டர் வாங்கும்போது கூடவே ஓர் இங்க்ஜெட் பிரிண்டரையும் வாங்கி வந்து, சில மாதங்கள் கழித்து கார்ட்ரிட்ஜ் விலையைக் கேட்டு மலைத்துப் போனவர்கள் நம்மில் பலர். அந்த எப்ஸன் நிறுவனம்தான் உலகின் முதல் டிஜிட்டல் ரேஞ்ச்பைண்டர் கேமராவை 2004 ஆம் ஆண்டில் வெளியிட்டது என்றால் நம்ப முடிகிறதா? அதற்குப் பின் இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஓடி விட்டன. இந்த வகை கேமராவைத் தயாரித்த நிறுவனங்களை இன்றும் ஒரு கை விரல்களுக்குள் எண்ணி விடலாம். இப்போது அந்தச் சில நிறுவனங்களில் முதன்மையானதே, ரேஞ்ச்பைண்டர் இல்லாத ஒரு மாடலை விற்பனைக்குக் கொண்டு வந்துள்ளது. அப்படியானால் இந்தக் கேமராவின் கதை முடிந்து விட்டதா? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, செல்போனில் எடுத்த படங்களை அதில் சேமித்து வைப்பவருக்கு இந்த விஷயம் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் நாம் சாதாரணமாகச் செய்யும் ஒரு வேலையை இந்தக் கேமராவில் செய்ய முடியவில்லை. அதுதான் இதன் பிரச்னையே. அது என்ன என்று பின்னால் வருகிறேன்.

ரேஞ்ச்பைண்டர் என்றால் என்ன?

முதலில் ஒரு சிறிய சோதனை. கையை முன்னால் நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்துங்கள். இடது கண்ணை மூடி வலது கண்ணால் பாருங்கள். பின்பு வலது கண்ணை மூடி இடது கண்ணால் பாருங்கள். பின்னால் உள்ள சுவரோடு ஒப்பிட்டால் விரல் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்திற்குத் தாவுவது போலத் தெரியும். விரலை முகத்திற்கு அருகே கொண்டு வந்தால் இந்தத் தாவல் அதிகமாகும். தள்ளிக் கொண்டு போனால் குறையும். அதாவது, இரண்டு இடங்களிலிருந்து ஒரே பொருளைப் பார்த்து, அந்த வித்தியாசத்தை அளந்தால் பொருள் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதைக் கண்டு பிடித்து விடலாம்.

ரேஞ்ச்பைண்டர் கேமரா செய்வது இதைத்தான். அதன் முன்புறத்தில் லென்ஸுக்கு மேலே இரண்டு ஜன்னல்கள் இருக்கும். பெரிய ஜன்னல் வழியாக நாம் காட்சியைப் பார்க்கிறோம். சற்றுத் தள்ளி உள்ள சிறிய ஜன்னலில் நுழையும் காட்சி, கண்ணாடிகள் வழியாகத் திருப்பப்பட்டு, நாம் பார்க்கும் காட்சியின் நடுவில் ஒரு சிறு கட்டமாக வந்து விழுகிறது. எனவே அந்தக் கட்டத்திற்குள் எல்லாம் இரட்டையாகத் தெரியும். ஒருவரின் கண்ணைப் பார்த்தால் பக்கத்திலேயே இன்னொரு மங்கலான கண் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பினால் கேமராவின் உள்ளே ஒரு சிறிய நெம்புகோல் நகர்ந்து, அந்த இரண்டாவது பிம்பமும் நகரும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்தும் இடத்தில் நிறுத்தினால் போகஸ் சரி. இதற்குப் பேட்டரி வேண்டாம், மோட்டார் வேண்டாம், சாப்ட்வேர் வேண்டாம்.

இரண்டு ஜன்னல்களுக்கும் இடையே உள்ள தூரம் அதிகமாக இருந்தால் துல்லியமும் அதிகமாக இருக்கும். ஜெர்மனியின் லைகா நிறுவனம் 2022 இல் வெளியிட்ட எம்11 கேமராவில் இந்தத் தூரம் சுமார் 69 மி.மீ. அதன் வியூபைண்டர் காட்சியைச் சற்றுச் சிறிதாக்கிக் காட்டுவதால், கணக்கில் எடுத்துக் கொள்ள வேண்டிய அளவு சுமார் 50 மி.மீ. மட்டுமே. எப்ஸன் கேமராவில் இது 38 மி.மீ. அளவுதான். இந்த எண்களை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். அதனால் படத்தில் விழப் போகும் பகுதியை ஒரு வெள்ளைக் கோட்டுச் சட்டம் காட்டும். அந்தச் சட்டத்திற்கு வெளியேயும் காட்சி தெரியும். தெருவில் ஒரு சைக்கிள் வலப்பக்கத்திலிருந்து வருகிறது என்றால், அது சட்டத்திற்குள் நுழையும் முன்பே நமக்குத் தெரிந்து விடும். பட்டனை அழுத்தும் நொடியில் காட்சி இருட்டாவதும் இல்லை. தெருக்களிலும் செய்திக் களங்களிலும் படமெடுத்தவர்கள் இதை விரும்பியது இதனால்தான். 1948 இல் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தைப் படமெடுத்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸோன் தம் வாழ்நாளின் பெரும்பகுதி பயன்படுத்தியது லைகா கேமராவைத்தான்.

குறைகளும் உண்டு. ஜூம் கிடையாது. 135 மி.மீ.க்கு மேற்பட்ட டெலிபோட்டோ லென்ஸ்களுக்கு இது ஏற்றதல்ல. பூவின் மகரந்தத்தை அருகே போய் எடுக்க முடியாது. பெரும்பாலான லென்ஸ்கள் 70 செ.மீ.க்கு அருகில் போகஸ் ஆகா. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்து விட்டாலும் வியூபைண்டரில் காட்சி தெளிவாகத் தெரியும் என்பதால், பிலிம் காலத்தில் ஒரு ரோல் முழுவதையும் கறுப்பாக எடுத்து முடித்தவர்கள் உலகெங்கும் உண்டு!

போகஸுடன் இணைந்த ரேஞ்ச்பைண்டர் லைகாவில் 1932 இல் வந்தது. 1954 இல் வந்த லைகா எம்3, காட்சி பார்ப்பதற்கும் போகஸ் செய்வதற்கும் ஒரே கண்துளையைத் தந்து, லென்ஸ் பொருத்தப் புதிய எம் மவுண்ட்டையும் கொண்டு வந்தது. 1959 இல் நிக்கான் எஃப் வந்த பின்பு லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்.எல்.ஆர். கேமராக்கள் சந்தையைப் பிடித்தன. ஜப்பானிய நிறுவனங்கள் பலவும் அந்தப் பக்கம் போய் விட, லைகா மட்டும் பழைய வழியை விடவில்லை. அன்று 1954 இல் வாங்கிய எம் மவுண்ட் லென்ஸ் இன்றைய டிஜிட்டல் லைகாவிலும் பொருந்துகிறது. உங்கள் வீட்டிலுள்ள எந்தக் கம்ப்யூட்டர் சாதனத்திற்காவது இப்படி ஒரு வரலாறு உண்டா என்று யோசித்துப் பாருங்கள். பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய சார்ஜர் வயர் கூட இன்று பொருந்தாது.

முதல் டிஜிட்டல் கேமரா

2004 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட எப்ஸன் ஆர்-டி1 கேமராவின் உடல் ஜப்பானின் கோஸினா நிறுவனம் செய்தது. உள்ளே 6.1 மெகாபிக்ஸல் சி.சி.டி. சென்ஸார். விலை சுமார் 3,000 டாலர். டிஜிட்டல் கேமராவாக இருந்தும், ஒவ்வொரு படத்திற்கும் முன்னால் பழைய பிலிம் கேமரா போல ஒரு நெம்புகோலை இழுத்து ஷட்டரைத் தயார் செய்ய வேண்டும். மேல் பகுதியில் கடிகாரம் போன்ற ஒரு வட்டம். அதில் ஒரு முள், கார்டில் இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்று காட்டும். மற்றொன்று பேட்டரியின் அளவைக் காட்டும். எப்ஸன், கைக்கடிகாரத்திற்குப் பெயர் பெற்ற செய்கோ குழுமத்தைச் சேர்ந்தது என்பதை இந்த இடத்தில் நினைத்துக் கொண்டால் வியப்பு குறையும். பின்புற எல்.சி.டி. திரையைத் திருப்பி மூடி விட்டால் இது டிஜிட்டல் கேமரா என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

6 மெகாபிக்ஸல் என்பது இன்று சிரிப்பாகத் தோன்றலாம். ஆனால் முழு ஹெச்.டி. மானிட்டர் ஒன்றின் திரையில் இருப்பது ஏறக்குறைய 2 மெகாபிக்ஸல் மட்டுமே. எனவே திரையில் பார்ப்பதற்கு இந்தக் கேமராவின் படங்கள் இன்றும் தாராளமாகப் போதும். சிக்கல் வேறு இடத்தில். இதில் எஸ்.டி. கார்டு மட்டும்தான் வேலை செய்யும், எஸ்.டி.எச்.சி. கார்டை இது அறியாது. 2 ஜி.பி.க்கு மேல் போக வழியில்லை. இன்று கடையில் போய் 2 ஜி.பி. கார்டு கேட்டுப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். கண்ணாடியும் பித்தளையும் ஆன பகுதி நன்றாக வேலை செய்து கொண்டிருக்கும்போது கார்டு கிடைக்காததால் ஒரு கேமரா முடங்குவது என்பது, பிலிம் காலத்தில் கேள்விப்படாத விஷயம். இதன் திருத்திய வடிவங்கள் 2006 இலும் 2009 இலும் வந்தன. அதோடு எப்ஸன் இந்தப் பாதையை விட்டு விட்டது.

சென்ஸார் செய்த கலாட்டா

பிலிமை எடுத்து விட்டு அந்த இடத்தில் சென்ஸாரை வைத்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். எஸ்.எல்.ஆர். கேமராக்களில் ஓரளவு அப்படித்தான் நடந்தது. ரேஞ்ச்பைண்டரில் அது நடக்கவில்லை. ஏன்?

எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் சென்ஸாருக்கும் இடையே ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆட வேண்டும் என்பதால், இடைவெளி அதிகம். நிக்கான் எஃப் மவுண்ட்டில் அது 46.5 மி.மீ. லைகா எம் மவுண்ட்டில் கண்ணாடி இல்லாததால் 27.8 மி.மீ. மட்டுமே. அகலக் கோண லென்ஸ்கள் இன்னும் உள்ளே நீட்டிக் கொண்டு பிலிமை உரசுவது போல நிற்கும். அதனால்தான் அந்த லென்ஸ்கள் அவ்வளவு சிறியதாக இருக்கின்றன. இப்படி அருகில் இருக்கும்போது படத்தின் ஓரங்களில் ஒளி மிகவும் சாய்வாக வந்து விழும். பிலிமுக்கு அது பெரிய விஷயமில்லை. சென்ஸாரின் ஒவ்வொரு பிக்ஸலும் ஒரு சிறு கிணறு போன்றது. சாய்வாக வரும் ஒளி கிணற்றின் அடிக்குப் போகாமல் சுவரில் பட்டு நின்று விடும். ஓரங்கள் கறுக்கும், நிறம் மாறும்.

எப்ஸன் சிறிய சென்ஸாரை வைத்து இதைத் தவிர்த்தது. படத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக் கொண்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். லைகா 2006 இல் வெளியிட்ட எம்8 கேமராவில் கோடாக் தயாரித்த 10.3 மெகாபிக்ஸல் சென்ஸார் இருந்தது. அதுவும் பிலிம் அளவை விடச் சிறியது. அதில் ஓரத்துப் பிக்ஸல்களின் மேலுள்ள நுண்லென்ஸ்களைச் சற்று நகர்த்தி வைத்து, சாய்வாக வரும் ஒளியையும் பிடிக்கச் செய்தார்கள். இதற்கு மேல் ஒரு சிக்கல். சென்ஸாரின் மேல் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் ஒரு கண்ணாடித் தகடு வைப்பது வழக்கம். தகடு தடிமனாக இருந்தால் சாய்வான ஒளி இன்னும் சிதறும். எனவே எம்8 இல் வெறும் அரை மி.மீ. தகட்டை வைத்தார்கள். அது அகச்சிவப்பைச் சரியாகத் தடுக்கவில்லை. விளைவு, செயற்கை இழையில் நெய்த கறுப்புக் கோட்டு ஊதா கலந்த சிவப்பாகத் தெரிந்தது! கேமரா வாங்கியவர்களுக்கெல்லாம் லென்ஸின் முன்னால் பொருத்த இரண்டு பில்டர்களை லைகா இலவசமாக அனுப்ப வேண்டியதாயிற்று.

2009 இல் எம்9 வந்தது. முழு பிலிம் அளவு சென்ஸார், 18 மெகாபிக்ஸல். இம்முறை தகட்டின் தடிமனை 0.8 மி.மீ. ஆக்கி, அகச்சிவப்பை வலுவாக உறிஞ்சும் வேறு வகைக் கண்ணாடியைப் பயன்படுத்தினார்கள். நிறச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் அந்தக் கண்ணாடி ஈரத்தைத் தாங்கவில்லை. சில ஆண்டுகளில் அதன் மேல் அரிப்பு ஏற்பட்டு, படங்களில் சிறு வட்டக் கறைகள் விழ ஆரம்பித்தன. எம்9 மட்டுமின்றி அதே சென்ஸார் வகையைப் பயன்படுத்திய கறுப்பு வெள்ளை மோனோக்ரோம் கேமராவிலும் இது வந்தது. லைகா 2014 இல் சென்ஸாரை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. ஆனால் மாற்று சென்ஸார்கள் எத்தனை நாள் கிடைக்கும்? கோடாக் தன் சென்ஸார் பிரிவை 2011 லேயே விற்று விட்டது. 2020 இல் இனி மாற்றுவதற்குச் சென்ஸார் இல்லை என்று லைகா அறிவித்தது.

இந்த வரிசையைக் கவனித்தீர்களா? லென்ஸ் அருகில் இருக்கிறது; அதனால் தகடு மெலிதாக வேண்டும்; மெலிதாக்கியதால் நிறம் கெட்டது; நிறத்தைச் சரி செய்யக் கண்ணாடியை மாற்றினால் அது அரித்தது. இதில் ரேஞ்ச்பைண்டரின் குற்றம் எதுவும் இல்லை. அந்த எம்9 இன் ரேஞ்ச்பைண்டர் இன்றும் புதிது போலவே பொருந்திக் கொண்டிருக்கும். கறை விழுந்தது அதற்குள் இருந்த கம்ப்யூட்டரில்.

போகஸ் எவ்வளவு துல்லியம்?

அடுத்த சோதனை மெகாபிக்ஸலிலிருந்து வந்தது. எம்11 கேமராவில் 60 மெகாபிக்ஸல் சென்ஸார் உள்ளது. இதன் படத்தை ஒரு முழு ஹெச்.டி. மானிட்டரில் 100 சதவீத அளவில் திறந்தால், ஒரு நேரத்தில் படத்தின் முப்பதில் ஒரு பங்குதான் திரையில் தெரியும். பிலிம் காலத்தில் யாரும் தம் படத்தை இவ்வளவு பெரிதாக்கிப் பார்த்ததில்லை. போஸ்ட் கார்டு அளவு பிரிண்ட்டில் சரியாகத் தெரிந்த போகஸ், திரையில் மூக்கில் இருக்கிறது, கண்ணில் இல்லை என்று பளிச்சென்று தெரிந்து விடுகிறது.

ஓர் உதாரணம். 50 மி.மீ., எஃப் 0.95 என்ற மிகப் பெரிய துளை கொண்ட லைகா லென்ஸை ஒரு மீட்டர் தூரத்தில் பயன்படுத்தினால், பழைய பிலிம் கணக்குப்படி தெளிவாக விழும் ஆழம் சுமார் 2 செ.மீ. 60 மெகாபிக்ஸல் படத்தைத் திரையில் முழு அளவில் பார்ப்பவரின் கணக்குப்படி அது ஒரு செ.மீ.க்கும் குறைவு. இதை 50 மி.மீ. அடித்தளம் கொண்ட ஒரு கண்ணாடி அமைப்பும், ஒரு நெம்புகோலும், நம் கண்ணும் சேர்ந்து பிடிக்க வேண்டும். கேமரா கீழே விழுந்து உள்ளே ஏதேனும் சிறிது நகர்ந்தாலும் போதும், எல்லாப் படங்களும் சற்று முன்னாலோ பின்னாலோ போகஸ் ஆகும். அதைச் சரி செய்யத் தெரிந்தவர்கள் உலகிலேயே குறைவு.

2012 இல் அறிவிக்கப்பட்ட அடுத்த மாடலில் சி.சி.டி.க்குப் பதிலாக சிமாஸ் சென்ஸார் வந்தது. இதனால் லைவ் வியூ என்ற வசதி கிடைத்தது. அதாவது, செல்போனில் பார்ப்பது போல, லென்ஸ் பார்க்கும் காட்சியையே பின்புறத் திரையில் பார்க்கலாம். பெரிதாக்கிப் போகஸ் செய்யலாம். நல்ல வசதிதான். ஆனால் ரேஞ்ச்பைண்டருக்கு ஆபத்து தொடங்கிய நாளும் அதுவே என்பேன். அன்று வரை போகஸ் செய்ய அது ஒன்றுதான் வழி. அன்று முதல் அது இரண்டு வழிகளில் ஒன்றாகி விட்டது; அதுவும் விலை கூடிய, துல்லியம் குறைந்த வழி.

எம் இ.வி.1

2025 அக்டோபரில் லைகா வெளியிட்ட எம் இ.வி.1 அந்தப் பாதையின் அடுத்த படி. எம்11 போன்ற உடல், அதே 60 மெகாபிக்ஸல், அதே எம் மவுண்ட். ஆனால் முன்புறத்தில் அந்த இரண்டு ஜன்னல்களும் இல்லை. கண்ணை வைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு சிறிய எலெக்ட்ரானிக் திரை தெரிகிறது. போகஸ் ஆன இடத்தின் விளிம்புகள் வண்ணத்தில் மின்னும். வேண்டுமானால் பெரிதாக்கிக் கொள்ளலாம். நூற்றுக்கும் மேற்பட்ட சிறு பாகங்களைக் கையால் பொருத்திச் சரி செய்ய வேண்டிய ரேஞ்ச்பைண்டர் போய் விட்டதால், எடை 46 கிராம் குறைந்தது. அமெரிக்காவில் விலை 8,995 டாலர். எம்11 வெளியான போது அதற்கும் இதே விலைதான் வைத்தார்கள்! அதாவது, பாகங்கள் குறைந்தும் விலை அந்த இடத்திலேயே நிற்கிறது.

மூக்குக் கண்ணாடி அணிபவர்களுக்கும், வயதாகிக் கண் மங்கியவர்களுக்கும் இது பெரிய உதவி என்பதை மறுப்பதற்கில்லை. இரண்டு மங்கலான பிம்பங்களை ஒன்று சேர்ப்பது எல்லாருக்கும் முடிகிற காரியம் அல்ல. ஆனால் இதே வசதி எம் லென்ஸ்களுக்கு ஏற்கனவே மலிவாகக் கிடைக்கிறது. சோனி, நிக்கான், கேனான் ஆகியவற்றின் மிரர்லெஸ் கேமராக்களில் மவுண்ட் இடைவெளி 16 முதல் 20 மி.மீ. வரைதான். எம் மவுண்ட்டின் 27.8 மி.மீ.க்கு இடம் மிச்சம் இருப்பதால் நடுவில் ஓர் அடாப்டரைப் போட்டு எம் லென்ஸைப் பொருத்தி விடலாம். (அகலக் கோண லென்ஸ்களில் முன்பு சொன்ன ஓரச் சிக்கல் இவற்றிலும் தலைகாட்டும்.) ஆகவே, ரேஞ்ச்பைண்டர் இல்லாத எம் கேமரா, எல்லா நிறுவனங்களோடும் போட்டி போட வேண்டிய களத்திற்குத் தானாகவே இறங்கி வந்திருக்கிறது. எனக்கு இது லைகாவின் சாமர்த்தியமாகத் தோன்றவில்லை.

இதற்கு நேர் எதிர்த் திசையிலும் லைகா போய்ப் பார்த்தது. 2016, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் பின்புறத் திரையே இல்லாத டிஜிட்டல் மாடல்களை வெளியிட்டது. படம் எப்படி வந்தது என்று வீட்டிற்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால்தான் தெரியும். வேடிக்கையாக இருந்தாலும் வாங்குவதற்கு ஆள் இருக்கிறது. 2023 இன் எம்11-பி மாடலிலோ, படம் எந்தக் கேமராவில் எப்போது எடுக்கப்பட்டது, பின்னர் திருத்தப்பட்டதா என்பதற்கான டிஜிட்டல் முத்திரையைப் பைலிலேயே பதிக்கும் வசதி தரப்பட்டது. ஏ.ஐ. படங்கள் பெருகி வரும் நாட்களில் செய்தியாளர்களுக்கு இது மிகவும் பயன்படும். ஆனால் இதற்கு ரேஞ்ச்பைண்டர் தேவையில்லை. வேறு நிறுவனங்களும் இதைத் தரத் தொடங்கி விட்டன.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்?

2010 இல் அறிவிக்கப்பட்ட பியூஜிபிலிம் எக்ஸ்100 பார்வைக்கு ரேஞ்ச்பைண்டர் போலவே இருக்கும். தனி ஜன்னல், கோட்டுச் சட்டம் எல்லாம் உண்டு. ஆனால் போகஸ் செய்வது ஆட்டோபோகஸ். 2014 இன் மாடலில், ஜன்னல் காட்சியின் மூலையில் ஒரு சிறு எலெக்ட்ரானிக் கட்டம் தோன்றி, கையால் போகஸ் செய்ய உதவியது. இளைஞர்கள் விரும்பி வாங்குவது இந்த வரிசையைத்தான். 2014 இல் அமெரிக்காவில் கோனோஸ்ட் என்ற பெயரில், சிறிய ஜன்னலுக்குப் பின்னால் இன்னொரு சென்ஸாரை வைத்து, இரண்டாவது பிம்பத்தை எலெக்ட்ரானிக் முறையில் உருவாக்கும் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. நல்ல யோசனை. கடைக்கு வரவில்லை. 2018 இல் ரஷ்யாவின் ஸெனிட் பெயரில் வந்தது லைகாவின் உடலேதான்; 500 மட்டும் செய்தார்கள்.

உண்மையான போட்டி பிரான்சிலிருந்து வந்தது. கடிகாரத் தொழிலுக்குப் பெயர் பெற்ற பெஸான்ஸோன் நகரில் தொடங்கிய பிக்ஸி என்ற சிறு நிறுவனம், 2018 இல் தன் ரேஞ்ச்பைண்டரை அறிவித்தது. எம் மவுண்ட், கண்ணாடி ரேஞ்ச்பைண்டர், பின்புறத் திரை இல்லை, மெமரி கார்டும் இல்லை. படங்கள் உள்ளே உள்ள நினைவகத்தில் பதிந்து, செல்போனுக்கு வயர் இல்லாமல் போகும். 2024 இல் முழு பிலிம் அளவு சென்ஸாருடன் பிக்ஸி மேக்ஸ் வந்தது. இதில் என்னைக் கவர்ந்தது வேறு. பழைய பிக்ஸி வைத்திருப்பவர்கள் கேமராவை அனுப்பி, புதிய சென்ஸாரைப் பொருத்திக் கொள்ள அந்த நிறுவனம் வாய்ப்பு தருகிறது.

தொடக்கத்தில் ஒரு விஷயத்தைப் பின்னால் சொல்வதாகக் கூறினேன் அல்லவா? அது இதுதான். வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாகி விட்டால் என்ன செய்கிறோம்? ராம் கூட்டுகிறோம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்து விட்டு எஸ்.எஸ்.டி. போடுகிறோம். மதர்போர்டையே மாற்றினாலும் கேபினெட்டும் மானிட்டரும் கீபோர்டும் அப்படியே இருக்கும். கேமராவில் அது முடிவதில்லை. ஐந்தாறு ஆண்டுகளில் பழையதாகும் சென்ஸாரையும் புராசஸரையும், ஐம்பது அறுபது ஆண்டுகள் உழைக்கக் கூடிய ரேஞ்ச்பைண்டருடன் சேர்த்து ஒட்டி வைத்து விற்கிறார்கள். முதலில் உள்ளது கெட்டால் இரண்டாவதையும் தூக்கிப் போட வேண்டியதுதான். சாதாரண கேமராவில் இது பெரிதாக உறுத்தாது. ஏனென்றால் அங்கே எல்லாமே எலெக்ட்ரானிக். ரேஞ்ச்பைண்டரில்தான் இது வலிக்கிறது.

லைகாவும் இதை அறியாமல் இல்லை. 2008 ஜனவரியில், எம்8 வைத்திருப்பவர்கள் புதிய வசதிகளை அதே கேமராவில் பொருத்திக் கொண்டே போகலாம் என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. சத்தம் குறைந்த ஷட்டரும், கீறல் விழாத சபையர் கண்ணாடித் திரை மூடியும் அதன்படி கிடைத்தன. மறு ஆண்டே எம்9 புதிய உடலுடன் வந்தது. எம்8 ஐ எம்9 ஆக மாற்றும் வழி தரப்படவில்லை. திட்டமும் மறைந்து போனது. பெரிய நிறுவனம் கைவிட்ட யோசனையைச் சிறிய நிறுவனம் செய்து காட்டுகிறது. ஆனால் அந்தச் சிறிய நிறுவனம் எத்தனை ஆண்டுகள் நிலைத்து நிற்கும் என்பதும் ஒரு கேள்வி. அது நின்று விட்டால் சென்ஸாரும் இல்லை, உதிரிப் பாகமும் இல்லை.

லென்ஸ் பக்கம் மட்டும் கவலை இல்லை. கோஸினா நிறுவனம் வோக்லாண்டர் பெயரில் எம் லென்ஸ்களைத் தொடர்ந்து தருகிறது. 7ஆர்டிஸன்ஸ், டிடிஆர்டிஸன் போன்ற சீன நிறுவனங்களும் லைகா விலையில் சிறு பகுதிக்கு எம் லென்ஸ்கள் செய்கின்றன. லென்ஸ்கள் மலிவாகின்றன, அவற்றை மாட்டும் ரேஞ்ச்பைண்டர் உடல் மட்டும் மலிவாகவில்லை. கண்ணாடியையும் நெம்புகோலையும் கையால் பொருத்தும் வேலைக்கு மெமரி சிப் போல ஆண்டுதோறும் விலை இறங்குவது கிடையாது. என் கணிப்பு, முழுமையான ரேஞ்ச்பைண்டர் இன்னும் சில பத்தாண்டுகள் மிகச் சிறிய எண்ணிக்கையில், மிக அதிக விலையில் வந்து கொண்டுதான் இருக்கும். மூன்று லட்ச ரூபாய்க்குக் கீழே ஒரு புதிய டிஜிட்டல் ரேஞ்ச்பைண்டர் வருமா என்று கேட்டால், எனக்கு நம்பிக்கை குறைவு.

ஒரு வேடிக்கை என்னவென்றால், ரேஞ்ச்பைண்டரின் அடிப்படைத் தத்துவம் உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. இன்றைய செல்போன் கேமராக்கள் பலவற்றில், லென்ஸின் இடப்பாதி வழியாக வரும் பிம்பத்தையும் வலப்பாதி வழியாக வரும் பிம்பத்தையும் சென்ஸார் தனித்தனியாக ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தும் வரை லென்ஸை நகர்த்துகிறது. கட்டை விரல் சோதனையில் நாம் செய்ததும் இதுவே. பொருத்திப் பார்க்கும் வேலை மட்டும் நம் கண்ணை விட்டுச் சிப்புக்குப் போய் விட்டது. சில ஷியோமி போன்களின் பின்புறம் லைகா என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்; 2022 முதல் அந்தக் கூட்டு நடக்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு

பழைய டிஜிட்டல் ரேஞ்ச்பைண்டர் ஒன்றை இரண்டாம் கையாக வாங்க நினைத்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள். எம்9 வகை என்றால், துளையைச் சிறிதாக்கி எஃப் 16 இல் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்து, அதைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒளிவட்டம் போன்ற சிறு புள்ளிகள் தெரிந்தால் சென்ஸார் அரித்திருக்கிறது. தூசு என்று சொல்வதை நம்பாதீர்கள். சென்ஸார் மாற்றப்பட்டது என்று விற்பவர் கூறினால் அதற்கான சர்வீஸ் ரசீதைக் கேளுங்கள். ஒரு ஸ்கேலைச் சாய்வாக வைத்து, குறிப்பிட்ட எண்ணில் போகஸ் செய்து எடுத்துப் பார்த்தால் ரேஞ்ச்பைண்டர் சரியாக உள்ளதா என்பது தெரிந்து விடும்.

பைல்களைப் பொறுத்த வரை லைகா எம்8 முதலே டி.என்.ஜி. என்ற பொது வடிவத்தைப் பயன்படுத்துவதால், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த படமும் இன்றைய சாப்ட்வேர்களில் திறக்கும். எப்ஸனின் ஈ.ஆர்.எப். பைல்களையும் டார்க்டேபிள், ராதெரபி போன்ற இலவச சாப்ட்வேர்கள் திறந்து விடும். எம்11 போன்ற புதிய கேமரா என்றால், 60 மெகாபிக்ஸல் டி.என்.ஜி. படம் ஒன்றே 70 எம்.பி. அளவைத் தாண்டும். ஒரு திருமணத்தில் 500 படம் எடுத்தால் 35 ஜி.பி.க்கு மேல் போய் விடும். 8 ஜி.பி. ராம் உள்ள கம்ப்யூட்டர் திணறும். அந்தக் கேமராவிலேயே 36 அல்லது 18 மெகாபிக்ஸலுக்குக் குறைத்துக் கொள்ளும் வசதி உண்டு. பெரும்பாலான வேலைகளுக்கு 18 போதும்.

ஆறேழு லட்சம் செலவழிக்காமல் இந்த முறையைத் தொட்டுப் பார்க்க ஆசையா? 1966 இல் வந்த யாஷிகா எலெக்ட்ரோ 35, 1970களின் கேனானெட் போன்ற பிலிம் ரேஞ்ச்பைண்டர்கள் பழைய கேமரா விற்பவர்களிடம் இன்னும் கிடைக்கின்றன. பிலிம் கூடப் போட வேண்டாம். கண்ணை வைத்து, எதிரே உட்கார்ந்திருப்பவரின் இரண்டு மூக்கும் ஒன்றாகும் வரை வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் கண்ணுக்கு இது ஒத்து வருமா, வராதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்து விடும்.